வெள்ளிக்கிழமைக் காசு

என் மகள் நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது நான் நாட்டை விட்டு வெளியேறினேன். டென்மார்க்கில் ரண்டர்ஸ் நகரத்துச் சலவைத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது அவள் தவழத் தொடங்கியிருந்தாள் என்று மனைவி எழுதினாள். அவர்களைக் கூப்பிட நான் விண்ணப்பம் போட்டபோது நடந்தாள். பிறகு ஓடினாள், கதைத்தாள், பாலர் வகுப்புக்குப் போனாள். விண்ணப்பம் மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தது. எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்களைக் கொப்பன்ஹேகனில் மேலிடத்துச் சொல்லின்பேரில் கட்டிவைத்திருந்தார்கள் என்பதும், அதனால் கடைசியில் ஓர் அரசாங்கமே விழுந்ததும் பின்னால் பத்திரிகையில் வந்த கதை. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்களில் ஒவ்வொருவனும் தன் பத்திரத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தான்.

நான் பக்திமான் அல்ல. ஆனால் காத்திருக்கிறவனுக்கு ஏதாவது செய்யவேண்டும். விண்ணப்பம் போட்ட கிழமை நான் ஒரு தீர்மானம் எடுத்தேன்: மனைவியும் மகளும் வந்து சேரும்வரை வெள்ளிக்கிழமையில் என் கையால் காசு வெளியே போகாது. வெள்ளிக்கிழமை காசு கொடுத்தால் லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஊரில் இருந்தபோது அதைக் கேட்டு நக்கலடித்தவன் நான். ரண்டர்சில் வெள்ளிக்கிழமை சாப்பிடுகிற பாணை வியாழனே வாங்கிவைத்தேன். போவதற்கு என்னிடம் லட்சுமியும் இல்லை, அவள் விட்டுப் போவதற்கு ஒரு வீடும் இல்லை. ஒரு அறைதான் இருந்தது. ஆனாலும் அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்கிறேன் என்பதில் ஒரு பிடிவாதம்.

அறையிலும் வேலையிலும் என்னோடு இருந்தவர் மன்னார்க் கத்தோலிக்கர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய குடும்பமும் அதே வரிசையில் காத்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர் இறைச்சி தொடமாட்டார்.

"எனக்கு இறைச்சி, உமக்குக் காசு. ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமை பட்டினி" என்பார். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

அந்த நாட்களில் நான் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினேன். நகரத்துச் சிறிய வானொலிக் கடை ஒன்றில். கையில் முழுக் காசு இல்லை என்றதும் கடைக்காரர் இங்கே அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் தருகிற ஆள் இலக்கத்தைக் கேட்டார், யாருக்கோ தொலைபேசி எடுத்தார், பெட்டியைத் தூக்கி என் கையில் தந்தார். காசு பிறகு, ரைனிங் தபாலில் வரும் என்றார். ரைனிங் என்றால் நாங்கள் பில் என்று சொல்வது. அதோடு ஒரு சீட்டு இணைத்திருப்பார்கள். அதைத் தபாலகத்தில் கொடுத்துக் காசு கட்டினால் முத்திரை குத்தித் தருவார்கள். ஊரில் நாலு பேர் பிணை நின்றாலும் கிடைக்காத பொருளை, முன்பின் தெரியாத ஒருவர் கையைக் குலுக்கித் தந்து அனுப்பினார். இந்த நாட்டில் என்னையும் ஒரு மனிதனாக நம்பியிருக்கிறார்கள் என்று அன்றைக்கு என் நெஞ்சு நிறைந்து போனது.

பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு சீட்டு. எங்கள் சம்பளம் வியாழன் பின்னேரம் வங்கிக்கு வரும். அதனால் கடைக்காரர்கள் கடைசித் தேதியாக அடுத்த நாளை, வெள்ளிக்கிழமையைப் போடுவார்கள். டேனிஷ்காரருக்கு அது வசதி. வியாழனில் எனக்கு வேலை முடியப் பிந்தும், போவதற்குள் தபாலகம் பூட்டிவிடும். வெள்ளிக்கிழமை திறந்திருக்கும், ஆனால் நான் போகமாட்டேன். சனிக்கிழமை காலையில் மேலதிக வேலை. ஆகவே திங்கட்கிழமை பின்னேரம் முதல் ஆளாகப் போய் நிற்பேன். மூன்று நாள் பிந்தினால் என்ன, காசு போய்ச் சேர்ந்துவிட்டதுதானே? இடையில் கடையிலிருந்து சில கடிதங்கள் வந்தன. கட்டிய காசைத்தான் திரும்பக் கேட்கிறார்கள், தபாலில் ஒன்றுக்கொன்று குறுக்கே போயிருக்கிறது என்று நினைத்து அறை மேசையின் இலாச்சியில் போட்டேன். எனக்கு அப்போது இருந்த டேனிஷ் பாண் வாங்கவும் சலவை இயந்திரத்தை நிறுத்தவும் போதும்; கடிதம் படிக்கப் போதாது.

இளவேனிலில் ஒருநாள் அனுமதி வந்தது. எனக்கு மட்டுமல்ல, அண்ணைக்கும், எங்களுக்குத் தெரிந்த பாதிப் பேருக்கும். கட்டிவைத்திருந்ததை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். நான் அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அதுமட்டும் நன்றாக விளங்கியது. இருந்த சேமிப்பெல்லாம் விமானச் சீட்டுக்குப் போனது. இரண்டு அறை வீடு ஒன்றும் கிடைத்தது. வீட்டுக்குள் தொலைக்காட்சிப் பெட்டியும் இரண்டு கதிரையும் நானும்தான் இருந்தோம். தமிழரிடம் கைமாற்றுக் கேட்கலாம் என்றால், எல்லோரும் அதே மாதம் விமானச் சீட்டு வாங்கிக் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். வேலைக்குப் போகிறவன் கட்டிலுக்காக நகரசபையிடம் உதவி கேட்டுப் போய் நிற்பதற்கு என் ரோஷம் விடவில்லை.

நகரத்தின் பழைய பகுதியில் ஒரு தளபாடக் கடை இருந்தது. அங்கே ஒரு சின்னக் கட்டிலைப் பார்த்துவைத்திருந்தேன். பைன் மரம், கீழே விளையாட்டுச் சாமான் வைக்க ஓர் இலாச்சி. நான்கரை வயதுப் பிள்ளைக்கு அளவாக இருந்தது. மகள் என்னைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். வந்து இறங்கியதும் அவளுக்கு நான் ஒரு அந்நியன் என்பது எனக்குத் தெரியும். தனக்கென்று ஒரு கட்டில் போட்டு வைத்திருக்கிற ஆள் அவ்வளவு அந்நியனாக இருக்கமாட்டான் என்று ஒரு பிள்ளை நினைக்காதா என்பதுதான் என் கணக்கு. அந்தக் கட்டில் இல்லாமல் அவளை அந்த வெறும் அறைக்குள் கூட்டிப்போக நான் தயாராக இல்லை.

அவர்கள் வருவதற்கு ஒரு கிழமை இருக்க, புதன்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். சொந்தக்காரி அறுபதை நெருங்கிய ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சின்னக் கட்டில், பெரிய கட்டில், இரண்டு மெத்தை, ஒரு சோபா என்று காட்டினேன். ரைனிங்கில் வேண்டும் என்றேன். ஆள் இலக்கத்தை எழுதிக்கொண்டு பின்பக்கம் போய்த் தொலைபேசி எடுத்தார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"ரைனிங்கில் தர முடியாது. காசாகத் தந்தால் இன்றே தருவேன்."

"ஏன்?"

"காசு கட்டாதவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. கடன் கொடுக்கும் முன்னால் கடைக்காரர்கள் அதைக் கேட்டுப் பார்ப்போம். உங்கள் பெயர் அதில் இருக்கிறது. என்ன காரணம் என்று எனக்குச் சொல்லமாட்டார்கள். நீங்கள் எழுதிக் கேட்கலாம்."

என் வாழ்க்கையில் யாரிடமும் கடன் வாங்கிக் கொடுக்காமல் விட்டவனில்லை நான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எனக்குத் தெரிந்த டேனிஷ் முழுவதையும் ஒன்றாகக் கொட்டினேன்: நாலு வருடம் என் மனைவியையும் பிள்ளையையும் பிடித்து வைத்திருந்தீர்கள், இப்போது கட்டிலையும் பிடித்து வைத்திருக்கிறீர்களா?

அவர் அசையவில்லை. "நான் யாரையும் பிடித்து வைத்திருக்கவில்லை. நான் கட்டில் விற்கிறேன்" என்றார்.

கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். தெரு முழுக்கத் தமிழில் திட்டிக்கொண்டு நடந்தேன். விண்ணப்பங்களைப் பார்க்கிற அமைச்சகம்தான் ஏதோ செய்திருக்கிறது, அனுமதியைக் கொடுத்துவிட்டு வேறு வழியால் எங்களை நெருக்குகிறார்கள் என்று எனக்கு முழு நிச்சயம். பட்ட காலிலே படும் என்பார்களே, அதுதான் நடக்கிறது என்று நினைத்தேன். அண்ணையிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை, ஒத்துப் பாடவும் இல்லை.

"உமக்கு வந்த காயிதங்கள் எங்கை?" என்று கேட்டார்.

பழைய அறையில் அவரோடுதான் இன்னும் கிடந்த இலாச்சியை அப்படியே இழுத்து வந்து அவர் முன்னால் கொட்டினேன். அவர் மாலை வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறவர். வியாழன் பின்னேரம் சாப்பாட்டு மேசையில் இருந்து ஒவ்வொன்றாக விரித்து, அகராதியைப் புரட்டி வாசித்தார். கட்டக் கட்டவே எனக்கு ஏன் கடிதம் வந்தது என்பது அப்போதுதான் வெளிச்சமானது.

"தம்பி, நீர் ஒரு மாசமும் நேரத்துக்குக் கட்டேல்லை."

"எல்லாம் கட்டினனான் அண்ணை! முத்திரை இருக்கு!"

"ஓம், கட்டினனீர். ஆனால் மூண்டு நாள் பிந்தி. பிந்தினால் நினைவூட்டல் எண்டு ஒரு காயிதம் போடுவினம். அந்தக் காயிதத்துக்கு ஒரு காசு. அதை நீர் கட்டேல்லை. அது சேர்ந்து, அதுக்கும் ஒரு காசு. பிறகு வானொலிக் கடைக்காரன் கடையை ஒரேயடியாப் பூட்டேக்கை இதை ஒரு வக்கீலிட்டைக் குடுத்திட்டுப் போயிட்டான். வக்கீல் உம்மைப் பட்டியல்லை போட்டிட்டார்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உம்மடை வெள்ளிக்கிழமைதான் வேலை காட்டியிருக்கு."

அவர்கள் வரவேண்டும் என்று பிடித்த விரதம், அவர்களுக்குக் கட்டில் இல்லாமல் செய்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அமைச்சகத்துக்கு நான் யார் என்றே தெரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை காலையில் இடைவேளையில் அண்ணை வக்கீலின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். நானூற்றுச் சொச்சம் குரோனர். முழுவதையும் கட்டினால் பெயரை எடுத்துவிடுவார்கள், ஆனால் அதற்குச் சில நாள் செல்லும். தளபாடக் கடையின் வண்டி எங்கள் பக்கம் செவ்வாய்க்கிழமைதான் வரும். புதன்கிழமை விமானம். திங்கட்கிழமை கட்டினால் எந்தக் கணக்கிலும் சரிவராது.

"இண்டைக்குக் கட்டவேணும். சீட்டைக் காட்டி நாளைக்குக் கடைக்காரியைக் கேப்பம்" என்றார் அண்ணை.

"இண்டைக்கு வெள்ளி."

"எனக்குத் தெரியும்." நக்கலடிப்பார் என்று பார்த்தேன், அடிக்கவில்லை. "நானும் கூட வாறன்" என்றார்.

கிட்டத்தட்ட நாலு வருடம் காத்த ஒன்று. ஒரு தரம் கூடத் தவறவில்லை. அவர்கள் ஏறுவதற்கு நாலு நாள் இருக்கும்போது அதை உடைப்பதா? விமானத்துக்கு ஏதும் ஆகிவிட்டால்? கொழும்பில் ஆமிக்காரன் மறித்துவிட்டால்? படித்தவன்தான் நான், ஆனால் அந்தத் தபாலக வரிசையில் என் படிப்பு எனக்கு ஓர் உதவியும் செய்யவில்லை. யன்னலுக்கு முன்னால் போனதும் தாள்களை நீட்டினேன். ஆனால் விரல்கள் விடவில்லை. உள்ளே இருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இழுத்துத்தான் எடுத்தாள். முத்திரை விழுந்தது. வெளியே வந்தோம். அண்ணை தன் கைக்குட்டையைத் தந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

சனிக்கிழமை மேலதிக வேலைக்குப் போகாமல் தளபாடக் கடைக்குப் போனேன். போனதும் மன்னிப்புக் கேட்டேன். அதை அண்ணை எழுதித் தந்து நான் மனப்பாடம் செய்திருந்தேன். பிறகு வக்கீலுக்குக் கட்டிய சீட்டையும், பிஸ்கற் தகரத்தில் பத்திரமாக வைத்திருந்த பன்னிரண்டு பழைய சீட்டையும் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதலில் பட்டியல்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். சனிக்கிழமை அங்கே யாரும் இல்லை. மணி அடித்து ஓய்ந்தது. இனித் தன் புத்தியைத்தான் கேட்கவேண்டும் என்பதுபோல ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, சீட்டுகளை ஒரு வரிசையாக அடுக்கினார்.

"ஒன்று கூட விடுபடவில்லை. ஒன்று கூட நேரத்துக்கும் இல்லை. எல்லாம் திங்கட்கிழமை" என்றார். "வெள்ளிக்கிழமை உங்களுக்கு என்ன?"

இதை நான் மனப்பாடம் செய்யவில்லை. எங்களுக்குக் காசுக்கு ஒரு பெண் தெய்வம் இருக்கிறது என்றும், வெள்ளிக்கிழமை காசு கொடுத்தால் அவள் காசோடு வெளியே போய்விடுவாள் என்றும், என் குடும்பம் வருகிறவரை அவளை வீட்டுக்குள் வைத்திருக்க நினைத்தேன் என்றும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. டேனிஷில் அது இன்னும் பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

அவர் சிரிக்கவில்லை. "இந்த ஊரில் பாதிப் பேரின் காசு வெள்ளிக்கிழமை நேரே பியருக்குப் போகிறது" என்றார். "உங்கள் தெய்வம் பரவாயில்லை." ரைனிங் புத்தகத்தைத் திறந்தார். "அப்போது எந்த நாள் சரி?"

எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன்.

"கடைசித் தேதி. எனக்கு எந்த நாளும் ஒன்றுதான். செவ்வாய்?"

செவ்வாயும் எங்களுக்கு அவ்வளவு நல்லதில்லை. நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளையாக விழுங்கிவிட்டேன். "புதன்" என்றேன். புதன் என்று எழுதினார். அவ்வளவுதான் விஷயம். வானொலிக் கடைக்காரரிடமும் இதைக் கேட்டிருக்கலாம். அவரும் எழுதித் தந்திருப்பார். இந்த நாட்டில் ஒன்றைக் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. விண்ணப்பம் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கத்தான் எனக்குப் பழக்கம். அந்தப் பட்டியலுக்கு நான் பிந்தியது மட்டும் தெரியும், ஏன் என்று தெரியாது. கடைக்காரிக்கு அதைக் கேட்க ஒரு வாய் இருந்தது, எனக்குச் சொல்ல ஒரு வாய் இருந்தது. சின்னக் கடை என்றால் அதுதான் லாபம்.

"கட்டில் இரண்டும் மெத்தையும் தருகிறேன்" என்றார். "சோபா தரமாட்டேன். சோபாவுக்கு அடுத்த வருடம் வாருங்கள்."

இரக்கப்பட்டுத் தந்திருந்தால் சோபாவும் தந்திருப்பார். சோபாவை மறுத்தபோதுதான் அவர் என்னை உண்மையிலேயே நம்பித் தருகிறார் என்று எனக்குப் பட்டது. செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. அண்ணையும் நானும் கட்டில்களைப் பொருத்திப் பூட்டினோம். ஆணி ஒன்று மிஞ்சியது. எங்கே விட்டோம் என்று தேடிக் களைத்து, உடையாவிட்டால் சரி என்று விட்டோம்.

புதன்கிழமை கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் அவர்கள் வந்து இறங்கினார்கள். மனைவி மெலிந்திருந்தாள். மகள் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். ரயிலிலும், ரயிலை ஏற்றிக்கொண்டு கடலைக் கடந்த கப்பலிலும் அவள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டிலைக் காட்டினேன். இலாச்சியைத் திறந்து மூடினாள், திரும்பவும் திறந்து மூடினாள். அதற்குப் பிறகு போய்த் தாயோடு படுத்துக்கொண்டாள். என் கணக்கு ஒரே நாளில் பொய்த்துப் போனது.

அடுத்த நாள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் வெள்ளிக்கிழமை காசு கட்டினேன் என்பதை ஒரு குற்றவாளியைப் போலச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "காசைப் பிடிச்சு வைச்சிருந்தது காணும். நாளைக்கு வெள்ளி. மீன் வாங்கவேணும், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கவேணும். காசை எடுங்கோ" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். விரல்கள் உடனே விட்டன.

ஆனால் மகள் மசியவில்லை. என்னைப் பற்றித் தாயிடம் சொல்லும்போது, "அவர் வந்திட்டார்", "அவர் சாப்பிடேல்லையாம்" என்பாள். அவர்! நான் வேலைக்குப் போனால் வீடு முழுக்க ஓடித் திரிவாளாம்; நான் வந்ததும் யன்னல் ஓரமாகப் போய் நிற்பாள். கோபப்பட யாரும் இல்லை. அவள் மேல் கோபப்பட முடியுமா? சலவை இயந்திரத்தின் மேல் காட்டினேன்.

மூன்றாவது கிழமை முதல் ரைனிங்குக்கு நாள் வந்தது. அன்றைக்கு மனைவிக்குத் தடிமன், காய்ச்சல். புதிய குளிர் பிடித்திருந்தது. "இவளையும் கூட்டிக்கொண்டு போங்கோ, நான் கொஞ்சம் படுக்கிறன்" என்றாள். மகள் தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சப்பாத்தை எடுத்துப் போட்டாள். தெரு நெடுக என் கையைப் பிடிக்கவில்லை. என் மேற்சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தபாலகத்தில் நல்ல கூட்டம். மாத முடிவு, எல்லோர் கையிலும் சீட்டு. நாங்கள் கடைசியில் போய் நின்றோம். வரிசை நகரவே இல்லை. பத்து நிமிடம் போனது, கால் மணி நேரம் போனது. அவள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள்.

பிறகு மேற்சட்டையை இழுத்தாள்.

"அப்பா, கால் நோகுது."

நான் குனிந்து அவளைத் தூக்கினேன். அவள் என் தோளில் தலையைப் போட்டாள். முன்னால் இன்னும் ஆறு பேர் நின்றார்கள். அறுபது பேர் நின்றாலும் நான் நின்றிருப்பேன்.